சூளை வெளியீட்டின் ஆறாவது நூல்

தாம்பரம்
9.6.2004

மச்சானுக்கு,

அர்ச்சுனன் எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அதை உன் தங்கை காசியம்மாள் ஞாயிற்றுக்கிழமை போனில் செய்துகொள்வாள். போனை நான் வாங்கினால் கத்திவிடுவேன். பத்திரப் பதிவு ஆபீஸில் வேலை பார்க்கிற பெரிய மனுசன் என்று இந்தத் தெருவில் என்னை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

ஓவியர் ஜெயராஜ் நேற்று ஆபீஸுக்கே வந்திருந்தார். ஆகஸ்டில் அவர் சென்னையில் நடத்தப்போகிற கண்காட்சிக்கு ஒரு மலர் போடுகிறார். ஓவியமும் கவிதையும் சேர்த்துக் கையால் புத்தகம் செய்கிற சிறு பதிப்பகங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வரலாறும் ஒரு பக்கம். நம் சூளை வெளியீட்டுக்கு நீ எழுதிக் கொடுத்த பக்கத்தைப் பெருமையாக நீட்டினார்.

படித்தேன். 'விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையில் 2000ஆம் ஆண்டு மாணிக்கவேல் தொடங்கினார்.' அவ்வளவுதான். மாணிக்கவேல் தொடங்கினார்! நான் எங்கேயடா? தேடினேன். கடைசியில் நூல்பட்டியலில் இருக்கிறேன், 'ஈரச் சாக்கு, கவிதைகள், அர்ச்சுனன்' என்று. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைக் கடைசி வரியில் போடுவார்களே, அப்படி.

அந்தக் கொட்டகைக்குப் பெயர் வைத்தது யார்? கவிஞன் தன் கட்டைவிரலைப் பச்சை மண்ணில் அழுத்தித் தரவேண்டும், அதைச் சுட்டு அட்டையில் பதிக்கவேண்டும் என்று சொன்னது யார்? நாள் முழுக்க ஊரார் விரலை ஊதா மையில் உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு அல்லாமல் வேறு யாருக்கு அது தோன்றும்? 'கைநாட்டுப் பதிப்பகம்' என்று பாலக்கரை டீக்கடையில் நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தானே கிண்டல் செய்தார்கள்? கிண்டலில் இருந்தவன் வரலாற்றில் இல்லாமல் போய்விட்டேன்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறதாம். திருத்தி அனுப்பு.

அர்ச்சுனன்


விருத்தாசலம்
17.6.2004

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். கொட்டகையும் நலம்.

நீங்கள் கேட்டது நியாயம்தான். பெயர் நீங்கள்தான் வைத்தீர்கள். விரல் யோசனையும் உங்களுடையதுதான். ஆனால் மண் பிசைந்தது, கோப்பையில் ஒட்டுகிற பூப்படம் அடிக்கிற ஸ்கிரீனைக் கழுவி அதிலே உங்கள் கவிதைக்குப் படம் அடித்தது, தைத்தது, ஒட்டியது, எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது எல்லாம் யார் என்று நான் எழுதவில்லை. எழுதினால் பக்கம் போதாது.

இரண்டு வருடத்துக்கு முன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மூன்றாவது தொகுப்பைச் சென்னையில் ஒரு பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்தீர்களே, அதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியார். "உங்க மாப்பிள புக்கு மெட்ராஸ்ல வருதாமே, நீங்க போடலியா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தொகுப்புக்காக மூன்று விதமான தாளை வாங்கி வைத்திருந்தேன். ஈரம் படாமல் கோணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். உங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே இருக்கிறவனின் பெயரை எழுதினேன். திருத்துவதாக இல்லை.

இன்னொன்று. அந்தத் தாளை வீணாக்கவில்லை. நம் ஆறாவது நூல் அதில்தான் வருகிறது. 'வழியனுப்பியவர்கள்'. பிரவீன்குமார் என்ற புதியவர். மங்களூர்ப் பக்கம். விரல்கள் பதிந்து கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்கின்றன.

தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும்.

மா. மாணிக்கவேல்


தாம்பரம்
2.7.2004

மச்சான்,

'மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு' என்று நீ எழுதியதைக் காசியம்மாளிடம் காட்டினேன். "எங்கண்ணன் நீங்க நீங்கன்னு எழுதுதுன்னா உள்ள நல்லாக் கொதிச்சிக் கெடக்குதுன்னு அர்த்தம், பாத்து இருங்க" என்றாள். அவளைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே நீயும் நானும் வாடா போடாதான். மாலை மாற்றியதும் நீங்கள் ஆகிவிட்டேன். சந்தோஷமாக இருந்தால் மட்டும் பழையபடி நீ.

சரி, கொதி. நானும் கொதிக்கிறேன்.

யார் இந்தப் பிரவீன்குமார்? மங்களூர்ப் பக்கம் என்றால் திட்டக்குடி போகிற வழியா? அங்கே கரும்பும் சோளமும் விளையும், கவிஞன் எப்போது விளைந்தான்? என்ன வயது? என்ன வேலை? எந்தப் பத்திரிகையில் எழுதினான்? நான் விசாரித்த ஆறு பேருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டு லீவு நாளில் வரியை மடித்து மடித்துப் போடுகிற பிள்ளையாகத்தான் இருக்கும்.

என் பெயரில் வாங்கி வைத்த தாளை அவனுக்கு விரித்திருக்கிறாய். என் முதல் புத்தகத்துக்கு என்ன கொடுத்தாய்? பூப்படம் அடித்து மிச்சமான தாள். ஓரத்தைத் தடவினால் இன்றைக்கும் கோந்து கையில் ஒட்டும். நான் புகார் சொன்னேனா? இப்போது சொல்கிறேன்.

சென்னைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தது ஏன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சூளையில் வருகிற புத்தகத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அட்டையைத் தடவுகிறார்கள். மண்ணைத் தடவுகிறார்கள். "ஆகா, மாணிக்கவேல் கை!" என்கிறார்கள். கவிதையை அப்புறம் படிக்கிறேன் என்று பைக்குள் வைக்கிறார்கள். ஒரு தடவையாவது மண் இல்லாமல் என் எழுத்து நிற்கிறதா பார்க்கலாம் என்று நினைத்தேன்.

நின்றதா என்று கேட்காதே. அட்டையில் ஒரு லாந்தர் விளக்குப் படம் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு கவிதையில்கூட லாந்தர் கிடையாது.

வரலாற்றைத் திருத்தாவிட்டால் ஜெயராஜிடம் நானே பேசுவேன்.

அர்ச்சுனன்


விருத்தாசலம்
20.7.2004

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஜெயராஜிடம் பேசினீர்களாம். அவர் எனக்குப் போன் செய்து, "ஒங்க குடும்பச் சண்டைய நீங்களே முடிச்சிக்கிங்க" என்றார். மலர் அச்சுக்குப் போய்விட்டது. என் பக்கம் எழுதியபடியே இருக்கிறது.

இத்துடன் 'வழியனுப்பியவர்கள்' அச்சுத்தாள்களை வைத்திருக்கிறேன். படம் இல்லை, அட்டை இல்லை, மண் இல்லை. வெறும் எழுத்து. நீங்கள் ஆசைப்பட்ட மாதிரியே. படித்துவிட்டுத் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதுங்கள். கவிஞர் உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள ரொம்பவும் விரும்புகிறார். அவருக்கு 'ஈரச் சாக்கு' மனப்பாடம்.

மாணிக்கவேல்


தாம்பரம்
4.8.2004

மச்சான்,

மனப்பாடம் என்று சொல்லி ஐஸ் வைக்கவேண்டாம். தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதுகிறேன்.

முதல் கவிதை: நாலு ஊர்ப் பெயரைப் போட்டால் மண்வாசனை வந்துவிடும் என்று யாரோ பையனிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது: முடிக்கத் தெரியவில்லை. மூன்றாவதில் வெள்ளாறு வருகிறது, தண்ணீரோடு. இவன் வெள்ளாற்றைப் பார்த்தே இருக்கமாட்டான். 'உடைசல்' கவிதையில் சூளையைப் பற்றி எழுதியிருப்பது பூராவும் நீ சொல்லிக்கொடுத்தது, எனக்குத் தெரியும். கடன் வாங்கின அனுபவம். 'அம்மாவின் தராசு' அழவைப்பதற்கென்றே எழுதியது. காசியம்மாள் அழுதாள். அதனால் என்ன, அவள் சீரியலுக்கும் அழுவாள்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். கடிதத்தை ஒட்டியும் விட்டேன். மறுபடி கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

பஸ் கவிதை நன்றாக இருக்கிறது.

'பஸ் போய்விட்டது.
கையசைத்தவர்கள்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நிற்கிறார்கள்.'

இதை நான் எழுதியிருக்கவேண்டும். இருபது வருடமாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்க்கிறேன், கை அசைப்பதைப் பார்க்கிறேன், அதற்கப்புறம் கை என்ன ஆகிறது என்று பார்க்கவில்லையே! அதே நினைப்பில் ஆபீஸில் ஒரு பத்திரத்தைத் தவறாகப் பதியப் போனேன். எவனோ மங்களூர்க்காரன் வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது மச்சான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அவனிடம் இதைச் சொல்லாதே. சின்ன வயதில் புகழ்ந்தால் கெட்டுப்போவான்.

அர்ச்சுனன்


விருத்தாசலம்
9.8.2004

மாப்பிள்ளை,

சொல்லிவிட்டேன். கெட்டுப்போகமாட்டார்.

கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க வேலை செய்யவில்லை. கண்காட்சிக்குப் புத்தகங்களை ஜெயராஜ் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். எனக்குச் சூளை வேலை இருக்கிறது, வரமுடியாது. நீங்களும் தங்கையும் போய்ப் பாருங்கள்.

மாணிக்கவேல்


தாம்பரம்
30.8.2004

மாணிக்கவேல் அவர்களுக்கு,

இனி நானும் 'அவர்களுக்கு' போடுகிறேன்.

நேற்றுக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். உங்கள் மேசையில்தான் கூட்டம். 'வழியனுப்பியவர்கள்' விசிறி மடிப்பில், பிரித்தால் மேசை முழுக்க நீளுகிறது. பஸ் போகப் போக ஓரத்தில் மனிதர்கள் சிறிதாகிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் செய்ததிலேயே இதுதான் அழகு. என் இரண்டு புத்தகங்களும் அதற்குப் பக்கத்தில் மூத்தாள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

பிரவீன்குமார் வந்திருக்கிறாரா என்று ஜெயராஜிடம் கேட்டேன். "நானே பாத்ததில்லீங்க" என்றார். சரி, ஆளைத்தான் பார்க்கமுடியவில்லை, விரலையாவது பார்ப்போம் என்று அட்டையில் இருந்த மண் குழியில் என் கட்டைவிரலை வைத்தேன். பொறாமைக்காரன் வேறென்ன செய்வான், அளந்துதான் பார்ப்பான்.

விரல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பதிப்பகம் தொடங்குவதற்கு முன்பிருந்தே உங்களிடம் எட்டு வருடம் மண் பாடம் கேட்டவன் நான். சூளையில் வெந்தால் எதுவும் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். என் சொந்தப் புத்தகத்துக் குழியிலேயே என் விரல் நுழையாது, சின்னப் பிள்ளையின் விரல் மாதிரி இருக்கும். இதில் உட்கார்கிறது என்றால் அழுத்தியவனின் விரல் என்னுடையதைவிட அவ்வளவு பெரியதாக இருந்திருக்கவேண்டும். ஆபீஸில் தினமும் விரல் பார்க்கிறேன். அப்படிப்பட்ட விரல்கள் அதிகம் கிடையாது. காசியம்மாளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டதுமே சொல்லிவிட்டாள்: "இது எங்கண்ணன் வெரலுங்க. தெனம் ஸ்கூலுக்குப் போறப்ப நெத்தில துண்ணூறு இட்ட வெரலு எனக்குத் தெரியாதா?"

ஆக, அந்தப் பையன் வரவேயில்லை. அவனுக்குப் பதில் நீங்கள் அழுத்திக்கொடுத்திருக்கிறீர்கள்.

இதை என்னால் தாங்கமுடியவில்லை. என் இரண்டாவது புத்தகத்தின்போது மஞ்சள் காமாலையில் கிடந்தேன். நீயே அழுத்திவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினேன். என்ன சொன்னீர்கள்? "கவிஞன் வெரல் இல்லாத புக்கு இந்தக் கொட்டாயில இருந்து வெளிய போவாது." பிசைந்த மண்ணை அப்படியே தொட்டியில் போட்டீர்கள். நான் எழுந்து நடமாடி வரும்வரை புத்தகம் கிடந்தது. நானும் அதற்காக உங்களை மதித்தேன். ஊரில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வரலாற்றில் என் பெயரை விட்டது போகட்டும். அந்தப் பதிப்பகத்தில் நான் போட்டது என்று இருந்தது இந்த ஒரு சட்டம்தான். எனக்காக அதை வளைக்கவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காக உடைத்துவிட்டீர்கள். அவன் அவ்வளவு ஒசத்தியா?

பதில் வேண்டாம்.

அர்ச்சுனன்


விருத்தாசலம்
6.9.2004

அர்ச்சுனா,

பதில் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கமுடியவில்லை.

சட்டத்தை நான் உடைக்கவில்லை. கவிஞன் விரல்தான் அது.

பெயர் பொய். பெண்ணாடம் பஸ்ஸில் போகும்போது முன்னால் ஒரு மங்களூர் டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு வழிவிடாமல் போனது. பின்பலகையில் 'பிரவீன்குமார், துர்கா' என்று பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தது. முதல் பெயரை எடுத்துக்கொண்டேன். துர்கா என்று போட்டிருந்தால் நீ இன்னும் எரிந்திருப்பாய். ஆனால் விரலை மாற்ற மனசு வரவில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டு அழுத்தச் சொல்லியிருந்தால் உனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. சூளைக்காரர் சுப்புராயன் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார். முடியவில்லை. நீ போட்ட சட்டம் அர்ச்சுனா. அதை நான் எப்படி மீறுவேன்?

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். 'ஈரச் சாக்கு' தைத்துக்கொண்டிருந்த சமயம் ஒரு மத்தியானம் நான் எழுதியதை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "மச்சான், நீ மண்ணப் பாரு, சொல்ல நான் பாத்துக்கறேன்." சுப்புராயனும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அதற்கப்புறம் உன் புத்தகத்தைத் தைக்கும்போதெல்லாம் ஊசியைக் கொஞ்சம் அழுத்தித்தான் குத்தினேன். அட்டையைத் தடவி 'மாணிக்கவேல் கை' என்று அவர்கள் சொன்னபோது நீ எரிந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. உள்ளே பிரித்து 'அர்ச்சுனன் வரி' என்று சொன்னபோது நான் எரிந்தேன். ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கம் நின்று எரிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

என் பெயரில் அனுப்பியிருந்தால் நீ மறுபடியும் சிரித்திருப்பாய். மச்சான் ஆயிற்றே என்று புகழ்ந்திருந்தால் அது அதைவிட மோசம். அதனால் ஒரு டிராக்டரின் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'இதை நான் எழுதியிருக்கவேண்டும்' என்று நீ எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் மசி பரவிவிட்டது.

அந்தக் கவிதை எந்தப் பஸ் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? நீங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு ஏறின பஸ்தான். அன்றைக்கு என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்கு வந்து மண்ணில் வைத்தேன்.

வரலாற்றில் உன் பெயரை விட்டது வேண்டுமென்றுதான். ஆத்திரம். ஜெயராஜ் மலரை இரண்டாவது முறை அச்சிடுகிறாராம். என்ன எழுதவேண்டும் என்று நீ சொல்லு. அப்படியே எழுதுகிறேன்.

மாணிக்கம்


தாம்பரம்
19.9.2004

மச்சான்,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நல்ல மனுசனாக ஒரு கடிதம் எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை. ஆகவே இருக்கிறபடி எழுதுகிறேன்.

மங்களூர்க்காரன் நன்றாக எழுதினான் என்றபோது எரிந்தது. அது நீ என்றதும் அணைந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் அதிகமாக எரிகிறது. யாரோ ஒருவன் நன்றாக எழுதினால் அவன் போய்ச் சேருவான், மறந்துவிடலாம். நீ தீபாவளிக்கு வீட்டுக்கு வருவாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடவேண்டும்.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் காசியம்மாள். உன் கடிதத்தைப் படித்ததும் சொன்னாள்: "நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனங்க. அண்ணன் கையத் தூக்கறதும் கைலில தொடைக்கறதுமா நின்னுச்சி. நீங்க அப்ப ஏதோ எழுதிக்கிட்டு இருந்தீங்க." ஆமாம், எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அதே பஸ்ஸைப் பற்றி. லாந்தர் படம் போட்ட புத்தகத்தில் அது இருக்கிறது. நேற்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். பஸ் இருக்கிறது, மழை இருக்கிறது, ஊரைப் பிரிகிற துயரம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது. நீ இல்லை மச்சான். ஒரு வரியில்கூட இல்லை. அந்த ஸ்டாண்டில் யாருமே நிற்காத மாதிரி எழுதியிருக்கிறேன்.

பெயரை விட்டுவிட்டாய் என்று மூன்று மாதமாக உன்னோடு மல்லுக்கு நின்றவன் நான்.

மலருக்கு என்ன எழுதவேண்டும் என்று கேட்டாய். 'சூளை வெளியீட்டை விருத்தாசலத்தில் இரண்டு கவிஞர்கள் தொடங்கினார்கள்' என்று எழுது. அந்த 'இரண்டு' என்பதை எழுத எனக்குக் கை ஓடவில்லை, பேனாவை இரண்டு தரம் கீழே வைத்தேன். ஆனாலும் அப்படியே போடு.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி நீ எழுதுவதை எனக்கு அனுப்பாதே. உன் தங்கை பெயருக்கு அனுப்பு. அவள் சமையல் செய்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். நான் கூடத்தில் பேப்பர் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அர்ச்சுனன்